கேன்வாஸ்ல எழுதின நம்பர டாக்பேக் படிக்க மாட்டேங்குது, தமிழ் எழுத்தும் உடையுது, யாராவது வழி சொல்லுங்க

மடைத்தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். நான் முழுநேர டெவலப்பர் எல்லாம் இல்லீங்க, டெல்டா பக்கம் ஊரு, ஊர் வாட்ஸப் குரூப்புக்காக ஒரு சின்ன பேஜ் போட்டு வச்சிருக்கேன். மேட்டூர், பவானிசாகர், வைகை மூணு அணையோட நீர்மட்டம், கொள்ளளவு, வரத்து, வெளியேத்தம், அவ்வளவுதான். ஜூன் 12 நெருங்கிட்டா எங்க ஊர்ல காலைல காபிக்கு முன்னாடி கேக்குற கேள்வியே "மேட்டூர் எத்தன அடி?"ங்கிறதுதான், அதனால பேஜுக்கு ஆளு வராம இருக்கிறதே இல்ல.

முன்னாடி சும்மா மூணு வரி எழுத்துதான் இருந்துச்சு. போன மாசம் கொஞ்சம் அழகு பண்ணலாம்னு கேன்வாஸ்ல (பேஜுக்குள்ள ப்ரோகிராம் வச்சு படம் வரையுற கட்டம்) அணை படம் வரைஞ்சேன், சுவரு, நீல கலர்ல தண்ணி, தண்ணி மேல மெதுவா அலை, அது உள்ளயே எழுத்து வரையுற ஃபில்டெக்ஸ்ட் கட்டளை வச்சு "97 அடி"னு வெள்ளைல எழுதி, கீழ இருந்த மூணு வரிய தூக்கிட்டேன், படத்துலயே இருக்கே அப்புறம் எதுக்கு ரெண்டு தடவனு. குரூப்புல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு போட்டாங்க. மூணு நாள் கழிச்சு எங்க ஊர்ல பழைய விஏஓ ஒருத்தர், சக்கரைல கண்ணு ரெண்டும் போயிடுச்சு அவருக்கு, போன்ல இருக்குறத வாய்விட்டுப் படிக்கிற டாக்பேக் வச்சுத்தான் பாப்பாரு, வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாரு, "தம்பி, முன்னாடி விரல வச்சா போன் அடி எத்தனைன்னு சொல்லும், இப்ப ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுப்பா, பேஜ நிறுத்திட்டியா?"ன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அதான் கேக்குறேன், படமும் வேணும், அவருக்கும் கேக்கணும், என்ன பண்ணணும்? இன்னொண்ணு, எழுத்து ஒவ்வொண்ணா வர்ற மாதிரி அனிமேஷன் போட்டேன், "மேட்டூர்" எழுதும்போதே மே-ல இருக்குற கொம்பு தனியா ஒரு புள்ளி வட்டத்தோட வருது, "கொள்ளளவு" இன்னும் கேவலம். அப்புறம் என் லேப்டாப்ல பளிச்னு இருக்குற எழுத்து போன்ல மங்கலா தெரியுது. மூணுக்கும் ஒரே காரணமா வேற வேறயானு கூட புரியல.


பைட்_பரோட்டா

ப்ரோ சிம்பிள், கேன்வாஸ் டேக்ல "இது ஒரு படம்"னு சொல்ற ரோல் இமேஜ் போட்டு, டாக்பேக் வாசிக்கிற ஆரியா லேபிள்ல எல்லா நம்பரையும் எழுதிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. முடிஞ்சுது.


மடைத்தண்ணி

போட்டுப் பாத்தேன் ப்ரோ. படிக்குது. ஆனா மூணு அணை, ஒவ்வொண்ணுக்கும் நாலு நம்பர், எல்லாத்தையும் ஒரே மூச்சுல மந்திரம் மாதிரி சொல்லிட்டுப் போயிடுது. அவருக்கு வேண்டியது மேட்டூர் வெளியேத்தம் மட்டும், அது நடுவுல எங்கயோ வருது, தவற விட்டா மறுபடி முதல்லேர்ந்து கேக்கணும். அவரே சொன்னாரு, "ரேடியோல நீர்மட்டம் படிக்கிற மாதிரி இருக்கு, நிறுத்த முடியல"ன்னு.


கோடுபோடுறவன்

தம்பி, மூணும் வேற வேற காரணம், பொறுமையா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒண்ண மனசுல ஏத்திக்கங்க, கேன்வாஸ்ல நீங்க எழுதுறது எழுத்தே இல்ல. சுவத்துல சுண்ணாம்பு அடிச்சு அது மேல பெயிண்டர் எழுதிட்டுப் போற மாதிரி. ஃபில்டெக்ஸ்ட் ஓடி முடிஞ்ச அடுத்த நொடி பிரவுசருக்கு அது "97 அடி"ங்கிறது மறந்து போயிடும், மிச்சம் இருக்குறது வெள்ளைப் புள்ளியும் நீலப் புள்ளியும்தான். அதனாலதான் டாக்பேக் மாதிரி ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியாது, பேஜுக்குள்ள தேடினா சிக்காது, காப்பி பண்ண முடியாது, மொழிபெயர்ப்பு பட்டன தட்டினா மத்ததெல்லாம் மாறும் இது மட்டும் அப்படியே நிக்கும். கேன்வாஸ் 2004ல ஆப்பிள் டேஷ்போர்டுக்காக வந்தப்ப எழுத்து வரையுற வசதியே அதுல கிடையாது, கோடு, கட்டம், வளைவு, படம் அவ்ளோதான். ஃபயர்பாக்ஸ் 3ல தனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, இப்ப இருக்குற ஃபில்டெக்ஸ்ட் ஃபயர்பாக்ஸுக்கு வந்தது 2009ல, 3.5ல. அதாவது எழுத்து இதுக்குள்ள பின்வாசல் வழியா வந்த விருந்தாளி. அதுகிட்ட போய் நாள் தகவல் மொத்தத்தையும் ஒப்படைச்சா இப்படித்தான் ஆகும்.

சரி, என்ன பண்ணலாம். கேன்வாஸ் டேக் திறக்குற எடத்துக்கும் மூடுற எடத்துக்கும் நடுவுல நீங்க எச்டிஎம்எல் எழுதலாம், கண்ணுல தெரியாது, ஆனா ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியும். அதுல ஒரு டேபிள் வைக்கலாம். இங்க ஒரு பொறி இருக்கு, பைட்_பரோட்டா சொன்ன ரோல் இமேஜையும் சேத்து வச்சீங்கன்னா உள்ள இருக்குற டேபிள் செத்துப் போகும், ஏன்னா "இது ஒரு படம்"னு சொல்லிட்டா அதுக்குள்ள இருக்குற எதையும் தனியா காட்டக் கூடாதுங்கிறதுதான் ரூல். ரெண்டுல ஒண்ணுதான். அதோட, நடுவுல வச்ச டேபிளுக்கு ஸ்க்ரீன்ல எடம் கிடையாது. உங்க விஏஓ ஐயா ஸ்வைப் பண்ணிப் போனா வரிசையா கேக்கும், ஆனா விரல வச்சுத் தடவிப் பாக்குறவருக்கு படம் மொத்தமும் ஒரே கட்டமாத்தான் இருக்கும், மேட்டூர் இங்க வைகை அங்கன்னு பிரியாது.

அதனால என் கருத்து, நீங்க தூக்கின அந்த மூணு வரிய திருப்பி வைங்க. ஒளிச்சு வைக்காதீங்க, படத்துக்குக் கீழ எல்லாரும் பாக்குற மாதிரி ஒழுங்கான டேபிளா, தலைப்பு செல்லுக்கு தலைப்பு டேக் போட்டு வைங்க. படத்துக்கு "அணை நீர்மட்டப் படம், எண்கள் கீழே அட்டவணையில்"னு ஒரே ஒரு வரி லேபிள் போதும். கண்ணு தெரியிறவனுக்கும் அது நல்லதுதான், நம்பர காப்பி பண்ணி இன்னொரு குரூப்புல போடுறவன் எத்தன பேரு.

ரெண்டாவது, எழுத்து உடையுறது. முழுச் சொல்லா குடுத்தா ஃபில்டெக்ஸ்ட் தமிழ ஒழுங்காத்தான் வரையும். நீங்க அனிமேஷனுக்காக சொல்ல எழுத்தெழுத்தா வெட்டியிருப்பீங்க, அங்கதான் கோளாறு. நமக்கு "மே" ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ம ஒண்ணு, ஏகாரக் குறி ஒண்ணு, ரெண்டு. குறி பின்னாடிதான் சேமிப்புல இருக்கும், வரையும்போதுதான் முன்னாடி வந்து உக்காரும். மகரத்த தனியா வரைஞ்சுட்டு குறிய தனியா குடுத்தா, ஒட்டிக்க ஆளில்லாம அது புள்ளி வட்டத்த கட்டிப் பிடிச்சுட்டு நிக்கும். "கொ"ல குறி ரெண்டு பக்கமும் வரணும், அதான் இன்னும் கேவலமா தெரியுது. இதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்லயே இன்டில் (Intl) செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு, கிராஃபீம்னு சொல்லி வெட்டச் சொன்னா மே, ட், டூ, ர்னு நாம எண்ணுற மாதிரியே வெட்டிக் குடுக்கும். ஃபயர்பாக்ஸ்ல 2024லதான் வந்துச்சு, குரோம்ல முன்னாடியே இருக்கு.

மூணாவது, மங்கல். கேன்வாஸுக்கு அளவே சொல்லலைன்னா 300க்கு 150 புள்ளினு அதுவா எடுத்துக்கும், சிஎஸ்எஸ்ல அத இழுத்து அகலமாக்கினா ரப்பர் மாதிரி இழுபட்டு மங்கும். அளவு சொல்லியிருந்தாலும் போன்ல ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு ரெண்டு மூணு நெஜ பிக்சல் இருக்கும். டிவைஸ் பிக்சல் ரேஷியோவ எடுத்து கேன்வாஸோட அகலம் உயரத்த அதால பெருக்கி, அப்புறம் அதே அளவுக்கு ஸ்கேல் பண்ணிட்டு வரைங்க. சரியாயிடும். யாராவது பிஞ்ச் பண்ணி பெருசாக்கினா அப்பவும் மங்கும், அது கேன்வாஸோட தலையெழுத்து.

ஃபாண்ட் பத்தி ஒண்ணு, நீங்க கேக்கலைன்னாலும் சொல்லிடுறேன், இதுல நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன். நோட்டோ சான்ஸ் தமிழ கூகுள் ஃபாண்ட்ஸ்லேர்ந்து எடுத்தா அது துண்டு துண்டாத்தான் வரும், ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபைல், தமிழுக்கு ஒரு ஃபைல். கேன்வாஸ் ஃபாண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காது, கையில இருக்குறத வச்சு வரைஞ்சுட்டுப் போயிடும். அதனால டாக்குமென்ட் ஃபாண்ட்ஸ் லோட்னு கூப்பிட்டு காத்திருக்கணும், அப்படி கூப்பிடும்போது ரெண்டாவது பாராமீட்டரா ஒரு தமிழ்ச் சொல்ல குடுக்கணும். குடுக்கலைன்னா வெறும் ஸ்பேஸ்னு எடுத்துக்கிட்டு ஆங்கிலத் துண்ட மட்டும் கொண்டு வந்து "வந்துடுச்சு"ன்னு பொய் சொல்லும். நான் ஃபாண்ட் சர்வர திட்டாத வார்த்தை இல்ல அன்னைக்கு.


பைட்_பரோட்டா

ரோல் இமேஜ் போட்டா உள்ள இருக்குறது போயிடும்னு எனக்கே தெரியாது அண்ணா, ரெண்டு ப்ராஜெக்ட்ல ரெண்டையும் சேத்து வச்சிருக்கேன் 😬 போய் பாக்குறேன்


செவிவழி

நான் பிறவிலயே பார்வை இல்லாதவன், ஸ்கூல்ல வாத்தியார் வேலை, ஸ்க்ரீன் ரீடரா கம்ப்யூட்டர்ல என்விடிஏ, போன்ல டாக்பேக். இந்த த்ரெட்ட படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு கொஞ்சம் கோவமும் வந்துச்சு, ஏன்னா இது எங்களுக்கு ரெண்டாவது தடவ. இருபது வருஷம் முன்னாடி தமிழ் சைட் பாதி பாமினி மாதிரி ஃபாண்ட்ல இருக்கும், பாக்குறவனுக்கு தமிழ், உள்ள இருக்குறது ஆங்கில எழுத்துக் குப்பை. ஸ்க்ரீன் ரீடர் அந்தக் குப்பைய அப்படியே எழுத்துக்கூட்டி வாசிக்கும். யூனிகோட் வந்து அது ஒழிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தா இப்ப எழுத்த படமாவே வரைய ஆரம்பிச்சுட்டீங்க.

கோடுபோடுறவன் சொன்ன டேபிள்தான் சரி. நான் டேபிள்ல என்ன பண்ணுவேன்னா வெளியேத்தம்ங்கிற நெடுவரிசைக்குப் போய் அப்படியே கீழ இறங்குவேன், மூணு அணையும் மூணு அழுத்தத்துல முடிஞ்சுது. லேபிள்ல ஒரே பத்தியா அடைச்சா அது லாரி ஹாரன் மாதிரி, அடிச்சு முடியிற வரைக்கும் நிக்கணும்.

கேட்டுப் பாக்காம விட்டா தெரியாத சில விஷயம் சொல்றேன். பேஜ்ல மொழி தமிழ்னு லாங் குறிச்சிருக்கீங்களா? அது ஆங்கிலம்னு இருந்தா குரல் ஆங்கிலக் குரலா போயி தமிழ் எழுத்த தின்னுடும், இல்ல நம்பர மட்டும் சொல்லிட்டு ஓடிடும். "மே.அணை", "கன அடி/வி"ன்னு சுருக்கி எழுதியிருந்தீங்கன்னா அதையும் அப்படியே "வி"ன்னுதான் சொல்லும், படத்துல எடம் இல்லாம சுருக்கிக்கங்க, டேபிள்ல "விநாடிக்கு கன அடி"ன்னு முழுசா எழுதுங்க. எடம் மிச்சம் பண்றது கண்ணோட பிரச்சனை, காதோடது இல்ல.

அப்புறம் தயவு செஞ்சு நம்பர் 0லேர்ந்து 97 வரைக்கும் ஓடுற அனிமேஷன் போட்டுட்டு அதே எடத்துல, மாறும்போதெல்லாம் வாசிக்கச் சொல்ற ஆரியா லைவ்னு போட்டுடாதீங்க. ஒரு கிரிக்கெட் ஸ்கோர் பேஜ்ல யாரோ அப்படிப் பண்ணி வச்சிருந்தாங்க, திறந்த உடனே ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஆரம்பிச்சுது, நான் டீ போட்டு குடிச்சுட்டு வந்தேன், இன்னும் எண்ணிக்கிட்டு இருந்துச்சு.


ராத்திரி_டியூட்டி

எதுக்கு கேன்வாஸ் கட்டிட்டு அழணும், எஸ்விஜிக்கு (புள்ளியா இல்லாம டேக்கா எழுதுற படம்) மாறிடுங்க. மூணு அணை, கொஞ்சம் நீலம், பன்னெண்டு நம்பர், இதுக்கு கேன்வாஸ் தேவையே இல்ல. எஸ்விஜில டெக்ஸ்ட் டேக் நெஜமான எழுத்து, தேடலாம், செலக்ட் பண்ணலாம், பெருசாக்கினா மங்காது, சிஎஸ்எஸ்ல ஃபாண்ட் குடுத்தா ஃபாண்ட் வந்த உடனே அதுவே மாறிக்கும், காத்திருக்குற கதையே கிடையாது.


கோடுபோடுறவன்

ஒத்துக்கறேன், இவருக்கு எஸ்விஜிதான் பொருத்தம். ஆனா "மாறினா முடிஞ்சுது"ன்னு சொல்லிடாதீங்க. எஸ்விஜியும் வரி மடிக்காது, நீளமான தமிழ்ப் பேரு கட்டத்த விட்டு வெளிய ஓடும், நீங்கதான் டிஸ்பேன் வச்சு மடிக்கணும். படிக்கிற வரிசை, ப்ரோகிராம் கோடுல எந்த வரிசைல எழுதியிருக்கீங்களோ அதுதான், தண்ணிக்கு மேல வரணும்னு எல்லா நம்பரையும் கடைசில குவிச்சு வச்சா "மேட்டூர், பவானிசாகர், வைகை, 97, 80, 60"ன்னு ரேஷன் கடை டோக்கன் மாதிரி வாசிக்கும். ஒவ்வொரு அணைய ஒரு ஜி டேக்ல கட்டி பேரும் நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். எஸ்விஜிக்கு ரோல் இமேஜ் போட்டா அதே பொறி இங்கயும் இருக்கு.

மழைத்துளி ஆயிரம் விழணும், வருஷக் கணக்கா தினசரி நீர்மட்டத்த புள்ளியா போடணும்னா அப்ப கேன்வாஸ்தான். பெரிய ஆளுங்களே அங்க போறாங்களே, கூகுள் டாக்ஸ் 2021ல எழுத்த கேன்வாஸ்ல வரையப் போறதா அறிவிச்சாங்க, ஸ்க்ரீன் ரீடருக்குன்னு தனியா ஒரு அடுக்கு வச்சுக்கிட்டுதான். நம்ம மாதிரி ஒத்த ஆளுக்கு அந்த அடுக்க பராமரிக்கிற வேலை கட்டுப்படியாகாது, படத்துல ஒண்ணு மாத்தினா அங்கயும் மாத்தணும், ஒரு நாள் மறந்துடுவோம், அப்புறம் கண்ணுக்கு 97, காதுக்கு போன வாரத்து 93.


சாயம்_போகாது

டிசைன் பக்கம் வேலை பாக்குறேன், காது பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, அரைக்கண்ணு தெரியிறவங்கள விட்டுட்டீங்க. எங்க அம்மாவுக்கு புரை, போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் போன் பாத்தாங்க. மடைத்தண்ணி, உங்க நீலம் என்ன நீலம்?


மடைத்தண்ணி

டாட்ஜர் ப்ளூங்க. பேர் நல்லா இருந்துச்சு எடுத்தேன் 😅


சாயம்_போகாது

நெனச்சேன். அது மேல வெள்ளை எழுத்து வச்சா கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம்) 3.24தான் வரும். வெப் பேஜ் எல்லாருக்கும் எட்டணும்னு இருக்குற டபிள்யூசிஏஜி விதி சாதா எழுத்துக்கு 4.5க்கு 1 கேக்குது, பெரிய எழுத்துன்னா 3 போதும், பெருசுன்னா 24 பிக்சல், தடிமன்னா 18.66 பிக்சலுக்கு மேல. அடி நம்பர் பெருசா இருந்தா தப்பிக்கும், அதுக்குக் கீழ குட்டியா எழுதின டிஎம்சி ஃபெயில். நேவி மேல வெள்ளை வைங்க, 16 வரும், வெயில்ல வயல் வரப்புல நின்னு பாக்குறவருக்கும் தெரியும். உங்க ஆளுங்க அங்கதானே பாக்குறாங்க.

ஆனா உங்க கேஸ்ல ஒரு வில்லங்கம் இருக்கு, பின்னணி நிலையா இல்ல. எழுத்த எங்க வச்சிருக்கீங்க, தண்ணி மட்டத்துலயா சுவத்து நடுவுலயா? நடுவுலன்னா, 120 அடில 97 இருக்கும்போது எழுத்து தண்ணிக்குள்ள இருக்கும், கோடைல 50க்கு இறங்கினா அதே வெள்ளை எழுத்து மேல் பாதி வானத்துலயும் கீழ் பாதி தண்ணிலயும் நிக்கும், வானம் வெளிர் நிறம்னா மேல் பாதி காணாமப் போகும். நீங்க ஆடி மாசம் டெஸ்ட் பண்ணி சந்தோஷப்பட்டிருப்பீங்க, சித்திரைல தெரியும் கதை.

இதுக்கு ரெண்டு வழி. எழுத்துக்குப் பின்னாடி ஒரு கருநீலப் பட்டி வரைங்க, மெஷர்டெக்ஸ்ட் வச்சு அகலம் எடுத்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு. இல்லைன்னா முதல்ல ஸ்ட்ரோக்டெக்ஸ்ட்ல தடியா கருநீல வெளிக்கோடு போட்டு அது மேல ஃபில்டெக்ஸ்ட். வெளிக்கோடு போட்டா லைன் ஜாயின ரவுண்டுன்னு மாத்திடுங்க, மாத்தலைன்னா ட, ஞ மாதிரி எழுத்தோட மூலைல முள்ளு முள்ளா கிளம்பும், கள்ளிச்செடி மாதிரி. எனக்கு பட்டிதான் புடிக்கும், தமிழ் எழுத்துக்கு வெளிக்கோடு போட்டா சுழி எல்லாம் அடைஞ்சு போகுது, ழவும் ளவும் தூரத்துலேர்ந்து ஒண்ணா தெரியும்.

கலர் பத்தி இன்னொண்ணு, அபாய அளவுக்கு மேல போனா தண்ணிய சிவப்பாக்குறது மாதிரி ஏதும் வச்சிருந்தா கூடவே ஒரு வார்த்தையும் எழுதுங்க, நிறம் பிரியாத ஆம்பளைங்க உங்க குரூப்புலயே நாலு பேரு இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது.


மடைத்தண்ணி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ரெண்டு நாள் உக்காந்து பண்ணிட்டேன். எஸ்விஜிக்கு இன்னும் மாறல, அலை ஆடுறத விட மனசு வரல, அதனால கேன்வாஸ்ல அணை, தண்ணி, அடி நம்பர் மட்டும் பட்டி மேல பெருசா. மிச்சம் எல்லாம் கீழ டேபிள்ல. லாங் பாத்தா ஆங்கிலம்னுதான் இருந்துச்சு, எங்கேர்ந்தோ காப்பி பண்ணின டெம்ப்ளேட், செவிவழி சார் சொல்லலைன்னா ஆயுசுக்கும் பாத்திருக்க மாட்டேன். போன்ல மங்கலும் போயிடுச்சு.

விஏஓ ஐயாகிட்ட குடுத்தேன். தடவிப் பாத்தாரு, மேட்டூர் வெளியேத்தத்துக்கு நேரா போனாரு, கேட்டாரு, அப்புறம் "பொதுப்பணித்துறைல எனக்கு இத போன் போட்டு கேட்டு சொல்ல ஒரு ஆளு வேணும் அப்பல்லாம்"னாரு. அடுத்து உடனே ஆர்டர், "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் சேரு, என் மகள குடுத்த ஊரு அந்தப் பக்கம்"னு. சேத்தேன், அங்கதான் மறுபடி மாட்டிக்கிட்டேன். செக்மென்டர் வச்சும் "ஸ்ரீ" ரெண்டா வெட்டுப்படுது, முதல்ல ஸ் வருது, அப்புறம் தனியா ரீ வருது. லக்ஷ்மினு எழுதிப் பாத்தேன், க்ஷவும் அதே மாதிரி பிரியுது.


கோடுபோடுறவன்

ஆமா, அத சொல்ல விட்டுப் போச்சு. யூனிகோட் கணக்குல புள்ளி வச்ச எழுத்தோட ஒரு எழுத்து முடிஞ்சுது, தமிழுக்கு அதான் பெரும்பாலும் சரி, க்ஷ, ஸ்ரீ ரெண்டும்தான் அதுல சிக்காத ஆளுங்க. நீங்களே அந்த ரெண்டையும் தேடி ஒட்ட வைக்கலாம், பத்து வரி கோடு.

ஆனா யோசிச்சுப் பாத்தா எதுக்குத் தம்பி வெட்டணும்? சொல்ல முழுசாவே வரைங்க, அதுக்கு முன்னாடி ஒரு கட்டத்த கிளிப் பண்ணிட்டு (கட்டத்துக்கு வெளிய எதுவும் தெரியாது) அந்தக் கட்டத்தோட அகலத்த மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கூட்டிக்கிட்டே போங்க. திரை விலகுற மாதிரி எழுத்து இடப்பக்கத்துலேர்ந்து வெளிய வரும், எதுவும் உடையாது, செக்மென்டரும் வேணாம். அசைவு வேணாம்னு (பிரிஃபர்ஸ் ரிட்யூஸ்ட் மோஷன்) போன்ல வச்சிருக்கவங்களுக்கு அகலத்த முதல் ஃப்ரேம்லயே முழுசா குடுத்துடுங்க, அலையையும் நிறுத்திடுங்க.


மடைத்தண்ணி

அண்ணா கிளிப் வேலை செய்யுது!! ஸ்ரீவைகுண்டம் முழுசா வருது. முன்னாடி வெட்டுறதுக்கு எழுதின நாப்பது வரிய இப்பதான் அழிச்சேன்.